கேமராவுக்கு வைத்த பொட்டு

1

கேமரா பழுதுபார்க்கும் முதியவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்" என்று பதில் சொல்லிவிட்டுக் கடையை விட்டு வெளியே வந்தேன். டிராம் நிறுத்தம் வரை நடந்த பிறகுதான் என்ன சொன்னேன் என்பது எனக்கே உறைத்தது.

அவர் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொண்டார். "கேளுங்கள். வெள்ளிக்கிழமைக்குள் சொன்னால் போதும்" என்றார். வீட்டில் கணவரோ பெற்றோரோ சோபாவில் உட்கார்ந்திருப்பார்கள், போய்க் கேட்பாள் என்று நினைத்திருக்க வேண்டும். நான் இருப்பது ஜெர்மனியில், ட்ரெஸ்டன் நகரத்தில், நான்காவது மாடியில், ஓர் அறையும் ஒரு சமையல் மூலையும் கொண்ட வீட்டில். அங்கே என்னைக் கூப்பிடக்கூடியது துணி துவைத்து முடித்ததும் மூன்று முறை கூவுகிற இயந்திரம் மட்டும்தான்.

நம் பக்கத்தில் யாரும் எதற்கும் சொல்கிற பதில்தான் இது. ஜவுளிக் கடையில் சொல்வார்கள், மாட்டுச் சந்தையில் சொல்வார்கள், பெண் கேட்டு வந்தவர்களிடம் சொல்வார்கள். ஆனால் நான் சொன்னதில்லை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். வீட்டில் கேட்டுச் செய்ய எனக்கு வாய்ப்பில்லை, ஏனென்றால் கேட்டால் வீட்டில் யாருக்கும் பதில் தெரியாது. கல்லூரி விண்ணப்பத்தை நான்தான் நிரப்பினேன். அப்பா எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று விரல் வைத்துக் காட்டியதும் நான்தான். ஜெர்மனிக்குப் போகிறேன் என்பதைக்கூட முடிவு செய்துவிட்டுத்தான் சொன்னேன். அதில் எனக்குப் பெருமை இருந்தது. இப்போதும் இருக்கிறது, பொய் சொல்ல மாட்டேன்.

முதியவர் கேட்டது பெரிய கேள்வியும் அல்ல. என் கேமராவின் முன் கண்ணாடி கீறிப் போயிருக்கிறது. அதே மாதிரிக் கேமரா ஒன்று அவரிடம் ஓடாமல் கிடக்கிறது. அதன் கண்ணாடியைக் கழற்றி இதில் மாட்டட்டுமா, வேண்டாமா?

இதற்கு வீட்டில் கேட்க என்ன இருக்கிறது? இருந்தது. ஒரு வருடமாக அம்மாவிடம் சொல்லாமல் வைத்திருந்த ஒரு விஷயத்தைச் சொல்லாமல் அதைக் கேட்க முடியாது. ஆயுத பூஜைக்கு அப்போது நான்கு நாட்கள் இருந்தன.

2

என் வேலையைப் பற்றி இங்கேயே ஒரு வரி சொல்லிவிட வேண்டும். பின்னால் அது எனக்கே எதிராக வரும். உலோகப் பரப்புகளின் தேய்மானத்தை அளக்கிற ஓர் ஆய்வகத்தில் இருக்கிறேன். எது எதனோடு உரசினால் எவ்வளவு தேயும், கீறல் எந்தப் பக்கமிருந்து விழுந்தது என்று நுண்ணோக்கியில் பார்த்து அறிக்கை எழுதுவதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

கேமராவை இங்கு வந்த இரண்டாவது வருடம் ஆற்றங்கரைச் சந்தையில் வாங்கினேன். என்னைவிட மூத்தது. பிலிம் போட்டு எடுப்பது. இந்த வகைக் கேமராவில் நாம் கண்ணை வைத்துப் பார்க்கிற துளை வேறு, படம் பிடிக்கிற லென்ஸ் வேறு. லென்ஸில் என்ன கோளாறு இருந்தாலும் பார்க்கும்போது தெரியாது. பிலிமைக் கழுவி வந்த பிறகுதான் தெரியும்.

சனிக்கிழமைகளில் ரயில் ஏறி ஏதாவது சிறிய ஊரில் இறங்கி நடப்பேன். முதலில் கோபுரங்களையும் பாலங்களையும் எடுத்தேன். பிறகு எப்போது மாறியது என்று தெரியவில்லை, அடுத்தவர்களின் சமையலறை சன்னல்களை எடுக்க ஆரம்பித்திருந்தேன். விளக்கு எரிகிற சன்னல், கொடியில் காய்கிற குழந்தைச் சட்டை, வாசலில் கழற்றிப் போட்ட நான்கு ஜோடி ரப்பர் பூட்ஸ். ஒரு சுருளில் முப்பத்தாறு படங்கள். ஒரு சுருள் முடியும்வரை ஆய்வகத்துக்கு வெளியே ஒருவரோடும் பேசாமல் இருந்த வாரங்கள் உண்டு.

கெர்லிட்ஸ் என்றொரு எல்லை ஊர் இருக்கிறது. நடுவே ஆறு, அந்தக் கரை போலந்து. நடைபாலத்தில் இரண்டு தடவை அங்கும் இங்கும் நடந்தேன். அந்தப் பக்கம் போனதும் போலந்துக்கு நல்வரவு என்று போனில் செய்தி வந்தது. திரும்பியதும் ஜெர்மனிக்கு நல்வரவு என்று வந்தது. அன்று என்னை வரவேற்றவை அந்த இரண்டும்தான்.

படங்களை ஸ்கேன் செய்து வீட்டுக்கு அனுப்புவேன். அம்மாவுக்கு எழுத்துக்கூட்டக்கூட வராது, ஆனால் போனில் படம் பார்ப்பாள்.

"ஏண்டி, போன்ல எடுத்தா ஒடனே வந்துருமே. போன மாசம் எடுத்தத இந்த மாசம் அனுப்புற. என்ன, கோழி அடைகாக்குற மாதிரி வச்சிருக்க?"

"அதுல ஒரு இது இருக்கும்மா."

"என்ன இது? எல்லாம் யாரு வீட்டுச் சன்னலாவே இருக்கு. ஒருத்தரும் ஒன்னைய உள்ள வான்னு கூப்பிடலையா?"

3

போன வருடம் ஆயுத பூஜையை ஒட்டி மூன்று வார விடுப்பில் ஊருக்குப் போனேன். எட்டுச் சுருள் பிலிம் எடுத்துப் போனேன். அந்நிய ஊர்களை எடுக்கிற அதே பொறுமையோடு எங்கள் சமவெளியை எடுக்க வேண்டும் என்று திட்டம்.

எங்கள் ஊர் நிலக்கோட்டைக்குப் பக்கம். அப்பாவிடம் சொந்தமாக ஒரு வேன் இருக்கிறது. நிலக்கோட்டைச் சந்தையிலிருந்து திண்டுக்கல்லுக்குப் பூ ஏற்றிப் போவார். அம்மா மல்லிகைத் தோட்டங்களில் பூ எடுக்கப் போவாள். நான் அப்பாவோடு வேனில் முன்சீட்டில் ஏறிக்கொண்டேன். செம்பட்டி தாண்டி வலது பக்கம் சிறுமலை நீலமாகத் தெரிந்ததும் அப்பா நடுரோட்டில் வண்டியை நிறுத்தினார். பின்னால் வந்த பஸ் ஆரன் அடித்துத் தீர்த்தது.

"அப்பா, ஓரமாப் போட்டு நிறுத்துங்க."

"இருக்கட்டும் பாப்பா. ஜெர்மனியிலருந்து எடுக்க வந்திருக்கேல்ல. செத்த நேரம் நின்னா அவனுக்கு என்ன கொறஞ்சிரும்?"

சந்தையில் பூ அளக்கிற பெண்கள் என்னைச் சுற்றிக்கொண்டார்கள். எந்தப் பேப்பரில் வரும் என்று ஒருத்தி கேட்டாள்.

"பேப்பர்ல வராதுக்கா. எனக்குத்தான்."

"ஒனக்கு எதுக்கு நாங்க? அங்க ஆளுக இல்லையா?"

"இருக்காக. பேச மாட்டாக."

"அடி ஆத்தே! நாங்க பேசிப் பேசியே ஒன்னையக் கொன்னுருவோம், இங்கயே இரு" என்று இன்னொருத்தி சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை எடுக்கக் கேமராவைத் தூக்குவதற்குள் எடைக்கல் விழுந்து கலைந்துவிட்டார்கள்.

ஆயுத பூஜை அன்று காலை வண்டி கழுவி, முன்னால் வாழைக்கன்று கட்டியாகிவிட்டது. வண்டிக்குப் பொட்டு வைப்பது எப்போதும் அம்மாதான். இரண்டு முன்விளக்குகளிலும் சந்தனம், அதன் மேல் குங்குமம், அச்சுப் பிடித்த மாதிரி இருக்கும். அப்பா ஸ்டீயரிங்குக்குக்கூட வைக்க மாட்டார், கை கோணும் என்பார். நான் பல் துலக்கிவிட்டுக் கூடத்துக்கு வந்தேன். அருவாமனை, களைக்கொத்தி, அப்பாவின் ஸ்பேனர்கள், மிக்சி, என் பள்ளிப் புத்தகங்கள் இரண்டு, எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்து வரிசையாக இருந்தன. வரிசையின் நடுவில், தனியாக ஒரு வாழையிலை போட்டு, என் கேமரா. மூடியைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, லென்ஸின் நட்டநடுவில் விரல் நுனி அளவுக்குச் சந்தனம். மேலே குங்குமம். காய்ந்தும் போயிருந்தது.

"அம்மா! யாரு இதத் தொறந்தது?"

"நாந்தான். சுளுவா வந்துச்சு."

"கண்ணாடியில போயா வைப்ப?"

"வண்டிக்கு எங்க வைக்கிறோம்? லைட்டுலதான? அதுக்கு அது கண்ணு. இதுக்கு இது கண்ணு. அம்புட்டுத்தான்."

வெளியே அப்பா பூசணிக்காயைக் கையில் எடுத்துவிட்டார். அது உடைகிற கணம் எனக்கு வேண்டும். இரண்டு மாதமாக மனதில் வைத்திருந்த படம் அது. கொடியில் கிடந்த துண்டை இழுத்து லென்ஸைத் தேய்த்தேன்.

"எடுக்காதடி. இன்னைக்கு அதுக்கும் லீவு. வை கீழ."

சுற்றிச் சுற்றித் தேய்த்தேன். காய்ந்த சந்தனம் கண்ணாடி மேல் நறநறவென்றது. அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. இதை இங்கே எழுதி வைக்க வேண்டும், ஏனென்றால் பிறகு கேட்காத மாதிரி இருந்துவிட்டேன்.

"இது ஒன்னோட அருவாமனை இல்லம்மா. தெரியாத பொருளத் தொடாத. படிச்சிருந்தாத் தெரிஞ்சிருக்கும்."

பொரி வாங்க வந்திருந்த பக்கத்து வீட்டுச் செல்வி அத்தை வாசலில் நின்றுகொண்டிருந்தார். அம்மா என்னைப் பார்க்கவில்லை, அத்தையைத்தான் பார்த்தாள். பிறகு சந்தனம் பட்ட விரல்களை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"சரி" என்றாள்.

பூசணிக்காய்ப் படம் எனக்குக் கிடைத்தது. வெயில் முதுகுப் பக்கம் இருந்ததால் நன்றாகவே விழுந்திருந்தது.

4

நான் ஊரிலிருந்து கிளம்பும்போதெல்லாம் பெட்டி கட்டுவது அம்மா. பருப்புப் பொடியைச் சேலைக்குள் சுற்றி, சேலையைப் பாத்திரத்துக்குள் திணித்து, பாத்திரத்தைத் துண்டில் கட்டி வைப்பாள். இங்கு வந்து ஒவ்வொன்றாகப் பிரிக்க இரண்டு நாளாகும். கேட்காத பொருள் ஏதாவது ஒன்று உள்ளே இருக்கும். ஒரு முறை பழைய செய்தித்தாளில் பொதிந்து எங்கள் வாசல் கோலமாவு இருந்தது. இந்த நான்காவது மாடியில் நான் எந்த வாசலில் கோலம் போட?

போன வருடம் கடைசி நாள், அறை வாசலுக்கு வெளியே நின்றுகொண்டு கேட்டாள்.

"பெட்டி தெரிஞ்ச பொருளா, தெரியாத பொருளா? தொடலாமா?"

குத்திக் காட்டுகிற குரல் இல்லை. உண்மையாகவே கேட்டாள். அதுதான் தாங்க முடியவில்லை.

"நானே கட்டிக்கிறேம்மா" என்றேன். எல்லாம் சீராக அடுக்கி, எடை சரியாக வந்து, இரண்டு கிலோ மிச்சமும் இருந்தது. பொடி இல்லை.

கிளம்பும்போது அம்மா வாசலில் நின்றாள். பின்னால் கொல்லைக் கதவு வழியாகக் காலை வெயில் வீட்டுக்குள் நீளமாக வந்து அவள் தோளைத் தாண்டி என் மேல் விழுந்தது. கடைசிச் சுருளின் கடைசிப் படம். அம்மா போட்டோவுக்கு நிற்கவே மாட்டாள், முந்தானையால் முகத்தை மறைப்பாள். அன்று மறைக்கவில்லை. கையைத் தூக்கிப் போய்ட்டு வா என்று காட்டினாள். எடுத்தேன்.

திரும்பி வந்து இரண்டு வாரத்தில் பிலிமைக் கழுவினார்கள். வெயிலை எதிரே வைத்து எடுத்த படங்களில் எல்லாம் நடுவில் பால் கொட்டிய மாதிரி மூட்டம். கடைசிப் படத்தில் வாசற்படி தெளிவாக இருக்கிறது. நிலைக்கதவில் காய்ந்த மாவிலை தெரிகிறது. தூக்கிய கை தெரிகிறது. அம்மாவின் முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாக ஒன்றுமில்லை.

லென்ஸை ஆய்வகத்துக்கு எடுத்துப்போய் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேன். அத்தனையும் வட்ட வட்டமான கீறல்கள். காய்ந்த துணியும் துகளும் சேர்ந்து கையால் தேய்த்தது. இதே மாதிரி ஒரு தகடு வந்திருந்தால் காரணம் என்ற கட்டத்தில் இரண்டு சொற்கள் எழுதி அனுப்பியிருப்பேன்: தவறான துடைப்பு.

அந்த ஞாயிறு அம்மா போனில் கேட்டாள்.

"நான் வாசல்ல நின்னேனே, அந்தப் போட்டோ வந்துச்சா?"

"சரியா விழலம்மா. கண்ணாடி கெட்டுப்போச்சு."

"நான் வச்ச பொட்டாலயா?"

இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்லவில்லை. சிக்னல் சரியில்லை என்பது போல இரண்டு மூன்று நொடி சும்மா இருந்தேன். அம்மா புரிந்துகொண்டாள். "சாப்டியா?" என்று வேறு பேச்சுக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு அவள் போட்டோ கேட்டதே இல்லை.

இன்னொன்றும் நடந்தது. தொடர்ந்து தங்குவதற்கான அனுமதிக்காக போன குளிர்காலத்தில் அசல் சான்றிதழ்களைக் காட்ட வேண்டியிருந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் என் பட்டச் சான்றிதழின் மூலையைத் தடவிப் பார்த்தார். அங்கே மஞ்சளும் சிவப்புமாக ஒரு கறை. நான் பட்டம் வாங்கிய வருடம் அம்மா அதைச் சாமி முன்னால் வைத்து வைத்த பொட்டு. அன்று எனக்குக் கோபம் வரவில்லை. அந்தச் சான்றிதழ் எங்கள் வீட்டில் களை வெட்டுகிற கொத்திக்கும் ஓடுகிற வண்டிக்கும் சமமாக உட்கார்ந்திருந்தது எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

"இது என்ன?" என்றார் அந்தப் பெண்.

"உணவு. கொட்டிவிட்டது" என்றேன்.

அவர் தலையாட்டி நகல் எடுத்துக்கொண்டார். வெளியே வந்து டிராமுக்கு நிற்கும்போது குளிர் காதை அறுத்தது. எங்கள் வீட்டுப் பொட்டைச் சாப்பாட்டுக் கறை என்று சொல்லிவிட்டு நிற்கிறோம் என்று நினைத்துக்கொண்டேன். அதை விளக்கிச் சொல்ல எனக்கு ஜெர்மன் போதாது என்பது உண்மை. முயற்சிகூடச் செய்யவில்லை என்பதும் உண்மை.

5

அந்த ஒரு வருடமும் சூரியனை முதுகில் வைத்துக்கொண்டே படம் எடுத்தேன். விளக்கு எரிகிற சன்னல்களை விட்டுவிட்டேன், மூட்டமாகிவிடும். என் சனிக்கிழமைகளில் எடுப்பதற்கு வேறு எதுவும் பெரிதாக மிஞ்சவில்லை. இந்தச் செப்டம்பரில் ஷட்டரும் மாட்டிக்கொண்டது. அதற்காகத்தான் முதியவரின் கடைக்குப் போனேன். பெயர் லோரன்ஸ். ஒரு சன்னல், ஒரு மேசை, சுவர் முழுக்கச் சின்னச் சின்ன இழுப்பறைகள், அவ்வளவுதான் கடை.

ஷட்டரைச் சரி செய்துவிட்டு லென்ஸைக் கண்ணோடு ஒட்டிய பூதக்கண்ணாடியால் பார்த்தார்.

"யாரோ அவசரமாகத் துடைத்திருக்கிறார்கள்."

அவர் ஊசியால் லென்ஸைச் சுற்றியிருந்த வளையத்தின் மரையிலிருந்து எதையோ நெம்பி எடுத்து வெள்ளைத் தாளில் தட்டினார். வெளிர் மஞ்சளாகத் தூள், கடுகு அளவுக்கு. முகர்ந்து பார்த்தார்.

"மரம். நல்ல வாசனை. இது என்ன?"

இந்த முறை உணவு என்று சொல்லவில்லை. தெரிந்த ஜெர்மனில் தட்டுத் தடுமாறிச் சொன்னேன். எங்கள் ஊரில் வருடத்தில் ஒரு நாள் கருவிகளுக்கு ஓய்வு கொடுப்போம். கழுவி, பொட்டு வைத்து, அன்று அவற்றிடம் வேலை வாங்க மாட்டோம். என் அம்மா வைத்தாள்.

அவர் தன் மேசையில் கிடந்த திருப்புளிகளை ஒரு முறை பார்த்தார். "இவை நாற்பது வருடமாக ஒரு நாள்கூட ஓய்வு எடுத்ததில்லை" என்றார். பிறகு தாளைச் சுட்டினார். "உங்கள் அம்மா வைத்தது எதையும் கெடுக்கவில்லை. ஈரத்துணியை ஒரு நிமிடம் வைத்திருந்தால் தானாக வந்திருக்கும். தேய்த்ததுதான் தப்பு."

"தெரியும்" என்றேன். ஒரு வருடத்தில் அதை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. அதுவும் ஜெர்மனில், அம்மாவுக்குப் புரியாத மொழியில், யாரோ ஒருவரிடம்.

பிறகுதான் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டார். மாற்றட்டுமா, வேண்டாமா? நானும் அந்தப் பதிலைச் சொன்னேன். தூளை ரசீதுக்குள் மடித்து வாங்கிக்கொண்டேன். கேமரா அங்கேயே இருந்தது. அதன் மூடி மட்டும் வீட்டில் மேசை மேல் கிடந்தது.

6

ஆயுத பூஜை இங்கே வேலை நாள். காலை ஆறு மணிக்குப் போன் போட்டேன், அங்கே ஒன்பதரை. அப்பா வீடியோவில் வந்தார். வண்டி பளபளவென்று நின்றது. வாழைக்கன்று, மாலை, எல்லாம் இருந்தன. முன்விளக்கில் மட்டும் பொட்டு வழிந்து, கோணி, நெற்றியில் அடிபட்ட மாதிரி இருந்தது.

"என்னப்பா இது?"

"நாந்தாம்மா வச்சேன். எனக்கு எங்க வருது?"

"அம்மா எங்க?"

"அந்தா நிக்கிறா, கையக் கட்டிக்கிட்டு. ஒரு பொருளுக்கும் வைக்க மாட்டேங்குறா. தான் வச்சா வெளங்காதுங்குறா. காலையிலருந்து மல்லுக்கு நிக்கிறேன்."

போனைத் திருப்பினார். அம்மா புதுச் சேலை கட்டி, தூணில் சாய்ந்து நின்றாள். பக்கத்தில் சந்தனக் கிண்ணம். அவள் கைகள் சுத்தமாக இருந்தன.

நான் யோசித்து வைத்திருந்த வாக்கியங்கள் நல்ல வாக்கியங்கள். அவை எதுவும் வரவில்லை.

"அம்மா, ஒன் பொட்டுல ஒண்ணும் ஆகலம்மா."

"எது?"

"கேமரா. பொட்டால கெடல. நான் தேச்சேன்ல, காஞ்ச துண்டால. அதுல கீறுனது. எனக்கு அப்பவே தெரியும். நீ கேட்டப்ப நான் சொல்லல."

பின்னால் யாருடைய வண்டியோ பூஜை முடிந்து எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு ஆரன் அடித்துப் போனது.

"ஒரு வருசம்டி" என்றாள் கடைசியில். "எங்கையி படிச்ச புள்ள கண்ணக் கெடுத்துருச்சேன்னு ஒரு வருசமா நெனச்சுக்கிட்டுக் கெடக்கேன். ஒங்கப்பாகிட்டகூடச் சொல்லல."

"தப்புத்தாம்மா."

"தப்புத்தான்" என்றாள். விட்டுக்கொடுக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டாள், மூக்கை உறிஞ்சினாள். பிறகு முகத்தைப் போனுக்கு அருகில் கொண்டுவந்து என்னை உற்றுப் பார்த்தாள்.

"அம்புட்டுப் படிச்சவளுக்கு ஒரு கண்ணாடி தொடைக்கத் தெரியலையா?"

பின்னாலிருந்து அப்பா, "என்னவாம்?" என்றார்.

"ஒங்க மக கேமராவத் தேச்சுப்புட்டாளாம், ஈயச்சட்டி தேக்கிற மாதிரி."

"சாம்பல் போட்டாளா, புளி போட்டாளா?"

அப்பாவின் கேலிக்கு நான் சிரித்தேன். சிரிப்பு பாதியில் வேறு மாதிரி ஆகிவிட்டது. போனைச் சற்று நேரம் சன்னல் பக்கம் திருப்பி வைத்தேன். எதிர்க் கட்டடத்தில் யாரோ சமையலறை விளக்கைப் போட்டார்கள்.

"கண்ணாடிய மாத்தலாமாங்குறாரும்மா, இங்க ஒருத்தர். ஒன்னையக் கேட்டுச் சொல்றேன்னு சொன்னேன்."

"என்னையவா?"

"ஆமா."

கேட்கப்பட்ட மாத்திரத்தில் சொல்லிவிடக்கூடிய கேள்வி அல்ல என்பது போல, தூணை விட்டு நிமிர்ந்து நின்று யோசித்தாள்.

"மாத்திரு" என்றாள். "கண்ணு தெரியாம எதுக்கு அத வச்சுக்கிட்டு? மாத்திட்டு, அடுத்த தடவ என்னைய மொகம் தெரியிற மாதிரி எடு. இப்பப் பொட்டு வை. கேமரா எங்க?"

"கடையில இருக்கு. மூடி இருக்கு."

"மூடிக்கு வை. கண்ணாடியில வச்சாத்தான் ஒனக்கு ஆகாதே. சந்தனம் இருக்கா அங்க? நீ கட்டுன பெட்டியில என்னத்த வச்சிருக்கப் போற."

"இருக்கும்மா."

"யாரு குடுத்தா?"

ரசீதைப் பிரித்துக் காட்டினேன். "நீ வச்சதுதான். போன வருசத்தது. ஓரத்துல மிச்சம் இருந்துச்சு."

ஒரு சொட்டுத் தண்ணீரில் குழைத்தேன். ஒரு விரலுக்குக்கூடப் போதவில்லை. தீக்குச்சி முனையால் எடுத்து மூடியின் நடுவில் வைத்தேன். "நடுவுல. இன்னும் நடுவுல" என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தாள். குங்குமம் இல்லை. அவள் அதைப் பார்த்தாள்.

பிறகு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு, "தள்ளுங்க அங்கிட்டு" என்று அப்பாவை நகர்த்தினாள். முந்தானையை நனைத்து, அவர் வைத்த கோணல் பொட்டின் மேல் செத்த நேரம் ஒற்றிப் பிடித்து, தேய்க்காமல் எடுத்தாள். நான் பார்க்கிறேனா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். பிறகு இரண்டு விளக்கிலும் அச்சுப் பிடித்த மாதிரி வைத்தாள்.

எனக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. போனை வைக்கட்டுமா என்று கேட்டேன்.

"இரு. அடுத்த தடவ வர்றப்ப பெட்டிய நான் கட்டுறேன்" என்றாள். "நீ தொடாத."

"சரிம்மா" என்றேன்.